வேலூரில் இருந்தபடி ஐஸ்லாந்துக் கால்பந்து லீகைப் பின்தொடர்வது எப்படி

ஒரு கால்பந்து லீகை அடி முதல் நுனி வரை தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றுதான்: சின்ன நாட்டின் லீக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து பிரீமியர் லீகில் ஒரு சீசனுக்கு 380 ஆட்டங்கள் நடக்கின்றன. வேலைக்குப் போய்வருகிற ஒருவர் அவற்றில் தமக்குப் பிடித்த ஓர் அணியின் ஆட்டங்களை ஒழுங்காகப் பார்ப்பதே பெரிது; மற்ற பத்தொன்பது அணிகளும் வெறும் பெயர்களாக நின்றுவிடும். ஐஸ்லாந்தின் முதல்நிலை லீகில் 12 அணிகள்தான் ஆடுகின்றன. சீசன் முழுவதற்கும் மொத்தம் 162 ஆட்டங்கள். ஒரே ஒரு சீசன் பொறுமையாக உட்கார்ந்தால், எந்த அணி எந்த ஊர், யார் அதன் பயிற்சியாளர், எந்த மைதானத்தில் காற்று எப்படி அடிக்கும் என்பது வரைக்கும் மனதில் பதிந்துவிடும்.

அந்த நாட்டின் அளவை நம் ஊர்க் கணக்கில் சொன்னால்தான் விளங்கும். 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிக்கப்படுவதற்கு முன்பு இருந்த வேலூர் மாவட்டத்தில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 39 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். ஐஸ்லாந்து நாடு முழுவதிலும் வாழ்வோர் நான்கு லட்சத்துக்கும் குறைவு. பழைய வட ஆற்காட்டின் ஒரு மூலையில் அடங்கிவிடக்கூடிய இந்த மக்கள் கூட்டம்தான் 2016 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று வீழ்த்திக் காலிறுதிக்குப் போனது. 2018 உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்று, முதல் ஆட்டத்திலேயே அர்ஜென்டினாவை 1-1 என்று சமன் செய்தது. அந்த வீரர்களில் பலர் முதன்முதலில் பந்தை உதைத்தது இந்தச் சின்ன லீகின் கிளப்புகளில்தான்.

லீகின் பொதுப் பெயர் ஊர்வல்ஸ்டெய்ல்ட். 2022 முதல் பெஸ்தா டெய்ல்ட் என்ற பெயரில் நடத்துகிறார்கள். அதற்கு ‘மிகச் சிறந்த லீக்’ என்று பொருள். இணையத்தில் தேடும்போது இரண்டு பெயர்களும் எதிர்ப்படும் என்பதால் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கை முதலில் சரிசெய்யுங்கள்

ஐரோப்பாவின் பெரிய லீகுகள் ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடிகின்றன. ஐஸ்லாந்தில் அது முடியாது. பனிக்காலத்தில் புல் தரை பனிக்கட்டிக்கு அடியில் கிடக்கும், பகல் வெளிச்சமும் சில மணி நேரம்தான் இருக்கும். ஆகவே அங்கே லீக் ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் கடைசியில் முடிகிறது. நம் கணக்கில் சித்திரையில் தொடங்கி ஐப்பசியில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய லீகுகள் ஓய்ந்து, வேலூரில் கத்திரி வெயில் கொளுத்தி, இரவில் மொட்டை மாடியில்கூடத் தூக்கம் பிடிக்காத மாதங்களில்தான் ஐஸ்லாந்து லீக் சூடு பிடிக்கும்.

ஐஸ்லாந்து ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்திலேயே இருக்கிறது; கோடைக்காலத்திற்கென்று கடிகாரத்தை முன்னால் தள்ளிவைக்கும் வழக்கம் அங்கே இல்லை. ஆகவே ஏப்ரலானாலும் அக்டோபரானாலும் அவர்கள் நேரத்தோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நம் நேரம் கிடைத்துவிடும். வார நாள் ஆட்டங்கள் பெரும்பாலும் அங்கே மாலை 7.15-க்குத் தொடங்கும், நமக்கு அது நள்ளிரவு 12.45. சனி, ஞாயிறுகளில் பகல் 2 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு 7.30, மாலை 5 மணி ஆட்டம் நமக்கு இரவு 10.30. வார இறுதியின் பகல் ஆட்டங்களிலிருந்து தொடங்குவதுதான் புதியவர்களுக்கு நல்லது.

இதில் நான் ஒருமுறை ஏமாந்தேன். லண்டனில் இருக்கும் உறவினர் ஒருவர், ஆட்டம் இரவு 8.15-க்கு என்று தகவல் அனுப்பியிருந்தார். அதை ஐஸ்லாந்து நேரமென்று எடுத்துக்கொண்டு, ஐந்தரையைக் கூட்டி, 1.45-க்கு அலாரம் வைத்து எழுந்தேன். இரண்டாம் பாதி அப்போதுதான் தொடங்கிக்கொண்டிருந்தது. முதல் பாதியின் இரண்டு கோல்களும் போய்விட்டன. லண்டன் கடிகாரம் கோடையில் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், ஐஸ்லாந்துக் கடிகாரம் ஓடாது என்பதை அன்றைக்குத்தான் கற்றேன். ஆகவே நேரத்தை ஐஸ்லாந்துக் கால்பந்துச் சங்கத்தின் தளத்தில் மட்டும் பாருங்கள். தேதியிலும் கவனம் வேண்டும். அங்கே ஞாயிறு மாலை நடக்கும் ஆட்டம் நமக்குத் திங்கள் பிறந்து முக்கால் மணி நேரம் கழிந்த பிறகே தொடங்கும். நான் நாட்காட்டியில் திங்கட்கிழமைக் கட்டத்தில்தான் குறித்து வைக்கிறேன்.

ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில் இரண்டாம் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு இந்த நேரம் ஒரு வகையில் வாய்ப்பாகவே அமையும். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு உட்காரும்போது ஆட்டம் தொடங்கியிருக்கும். முடியும்போது இரண்டரை மணியைத் தாண்டிவிடும். காலை வேலைக்குப் போகிறவர்கள் வாரத்துக்கு ஒரு நள்ளிரவு ஆட்டத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். ஜூன் மாதத்து ஆட்டங்களில் ஒரு காட்சியைத் தவறாமல் கவனியுங்கள். தலைநகர் ரெய்க்யவிக்கில் அந்த மாதக் கடைசியில் சூரியன் மறைவதற்கே ஏறத்தாழ நள்ளிரவாகிவிடும். நம் தெருவில் நாய்கூட உறங்கிவிட்ட நேரத்தில், திரையில் வீரர்களின் நிழல் புல்மேல் நீளமாக விழுந்து கிடக்கும்.

ஒளிபரப்பு உரிமை ஆண்டுக்கு ஆண்டு கைமாறக்கூடியது. வெளிநாட்டுப் பார்வையாளர்களுக்கு எந்த வழி திறந்திருக்கிறது என்பதைச் சீசன் தொடங்கும் வாரத்தில் லீகின் சொந்தத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காணொளி கிடைக்காத ஆட்டங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். அவற்றை எப்படித் தொடர்வது என்று பின்னால் சொல்கிறேன்.

அணிகளை ஊரோடு சேர்த்துப் படியுங்கள்

பன்னிரண்டு பெயர்களையும் வரிசையாக மனப்பாடம் செய்ய முயன்றால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். ஊர்களோடு சேர்த்துப் படித்தால் நிற்கும். நாட்டு மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ரெய்க்யவிக்கிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் வாழ்கிறார்கள். ஆகவே லீகின் பெரும்பாலான அணிகளும் அங்கேயே இருக்கின்றன. தலைநகரின் மேற்குப் பகுதியில் கே.ஆர்.; நடுப்பகுதியில் வாலுர்; ஃபோஸ்வோகுர் பள்ளத்தாக்கில் வீக்கிங்குர்; 2022-இல் நகரின் கிழக்கு ஓரத்துக்கு இடம் மாறிய ஃப்ராம். தெற்கே தொட்டாற்போல் இருக்கும் கோபவோகுர் ஊரில் பிரெய்தப்ளிக், அதற்கடுத்த கார்தபையரில் ஸ்த்யார்னன், அதற்கும் அடுத்த ஹாப்னர்ஃபியோர்துரில் எஃப்.எச். வேலூரிலிருந்து சத்துவாச்சாரி, காட்பாடி என்று போவதைப் போல, ஒரு மைதானத்திலிருந்து அடுத்த மைதானத்துக்குச் சில கிலோமீட்டர்தான்.

வெளியூர் அணிகளுக்கு வேறு முகம் உண்டு. ஆக்ரனெஸ் என்ற மீன்பிடித் துறைமுக ஊரின் ஐ.ஏ. 18 முறை பட்டம் வென்றது. அதில் 1992 முதல் 1996 வரை தொடர்ந்து ஐந்து. வடக்கே ஆக்குரெய்ரியின் கே.ஏ. அணிக்கு ஒரே ஒரு பட்டம், 1989-இல். தலைநகரிலிருந்து அந்த ஊருக்குச் சாலை வழியே போனால், நாம் மதுரைக்குப் போகும் தூரம். தெற்கே கடலுக்குள் இருக்கும் ஹெய்மாஎய் தீவின் அணி ஐ.பி.வி. 1973 ஜனவரியில் அந்தத் தீவில் எரிமலை வெடித்து, ஊர் மொத்தமும் ஒரே இரவில் மீன்பிடிப் படகுகளில் ஏறி வெளியேறியது. வீடுகள் பலவும் சாம்பலுக்கும் எரிகுழம்புக்கும் அடியில் புதைந்தன. திரும்பி வந்தவர்கள் ஊரை மீண்டும் கட்டினார்கள். அந்த அணி 1979, 1997, 1998 ஆகிய ஆண்டுகளில் நாட்டின் சாம்பியனானது. 2016-இல் தேசிய அணியின் இரு பயிற்சியாளர்களில் ஒருவராக இருந்த ஹெய்மிர் ஹல்க்ரிம்சன் அந்தத் தீவுக்காரர், பல் மருத்துவர், ஐ.பி.வி.யின் பயிற்சியாளராகவும் இருந்தவர்.

உங்களுக்கென்று ஓர் அணியைத் தேர்ந்துகொள்ளுங்கள். எல்லா அணிகளையும் சமமாகப் பார்ப்பேன் என்று தொடங்கினால் ஜூன் மாதத்துக்குள் சலித்துவிடும். நான் வாலுரைத் தேர்ந்தெடுத்தேன், காரணம் பெயர்தான். வாலுர், வேலூர் என்று இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல்லுக்கு வல்லூறு இனத்துப் பறவை என்று பொருள். அணியின் சின்னத்திலும் அந்தப் பறவை உண்டு. 1911-இல் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் சிறுவர்கள் தொடங்கிய கிளப் அது. இதுவரை 23 பட்டங்கள். கடைசியாக வென்றது 2020-இல். அந்தச் சீசன் கொரோனாத் தொற்றால் பாதியில் நிறுத்தப்பட்டு, அப்போது முன்னிலையில் இருந்த வாலுர் சாம்பியனாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின் பட்டம் இல்லை. காத்திருக்கிறேன்.

பெயர்களைக் கண்டு அஞ்சாதீர்கள்

ஐஸ்லாந்துப் பெயர்களைப் பார்த்தவுடன் பலர் விலகிவிடுகிறார்கள். தமிழருக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. அங்கே பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரோடு மகனென்றால் ‘சன்’ என்றும், மகளென்றால் ‘தோத்திர்’ என்றும் சேர்த்துக்கொள்வார்கள். நாம் தந்தையின் பெயரை முன்னெழுத்தாக வைக்கிறோம். அவர்கள் பின்னால் முழுதாக வைக்கிறார்கள். வீக்கிங்குருக்குப் பட்டங்கள் வாங்கித் தந்த பயிற்சியாளர் ஆர்னர் குன்லோய்க்சன் என்றால், குன்லோய்குரின் மகன் ஆர்னர். நம் முறைப்படி எழுதினால் கு. ஆர்னர். ஆகவே அவரைக் குறிப்பிடும்போது ஆர்னர் என்றுதான் சொல்ல வேண்டும். குன்லோய்க்சன் என்று மட்டும் சொல்வது, ஒருவரை அவருடைய அப்பா பெயரால் கூப்பிடுவதற்குச் சமம். ஐஸ்லாந்தில் தொலைபேசிப் புத்தகத்தையே முதற்பெயர் வரிசையில்தான் அச்சிட்டார்கள். உங்கள் குறிப்பேட்டிலும் முதற்பெயரை முழுதாகவும், தந்தை பெயரை ஓர் எழுத்தாகவும் எழுதுங்கள். எந்த வீரரும் அந்நியராகத் தோன்ற மாட்டார்.

விதிவிலக்காகச் சில குடும்பங்களுக்கு நிலையான குடும்பப் பெயர் உண்டு. குத்யோன்சென் குடும்பம் அப்படிப்பட்டது. 1996 ஏப்ரலில் எஸ்தோனியாவுக்கு எதிரான தேசிய அணி ஆட்டத்தில் தந்தை ஆர்னோர் குத்யோன்சென் வெளியே வர, அவருக்கு மாற்றாக உள்ளே போனவர் மகன் எய்துர்.

உச்சரிப்பிலும் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பிரெய்தப்ளிக் என்ற பெயரில் வரும் தகர ஒலிக்கு அவர்கள் தனி எழுத்து வைத்திருக்கிறார்கள். அதன் ஒலி, ‘அது’, ‘இது’ என்று நாம் சொல்லும்போது இடையில் மெலிந்து வரும் தகரம்தான். இரண்டு லகரங்கள் சேர்ந்து வந்தால் ‘ட்ல’ என்று ஒலிக்கும். மைதானத்தைக் குறிக்கும் சொல்லை வொட்லுர் என்றே சொல்கிறார்கள். எந்தப் பெயரின் முடிவில் அது வந்தாலும், அது ஒரு மைதானத்தின் பெயர் என்று தெரிந்துகொள்ளலாம். கோல் என்பதற்கு மார்க், புள்ளிக்கு ஸ்திக், ஆட்டத்திற்கு லெய்குர், லீகுக்கு டெய்ல்ட். பத்துச் சொற்களைத் தெரிந்துகொண்டால், உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பு தடுமாறும் இடங்களிலும் உங்களுக்கு அர்த்தம் பிடிபடும். கால்பந்துக்கே அவர்களிடம் இரண்டு சொற்கள் உண்டு: பேச்சில் ஃபோட்போல்தி, எழுத்தில் க்னாத்ஸ்பிர்னா. நாம் வாயால் ஃபுட்பால் என்று சொல்லி, அழைப்பிதழில் கால்பந்து என்று அச்சடிப்பதைப் போலத்தான்.

லீகின் அமைப்பு: இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். 2008 முதல் லீகில் 12 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற பதினொன்றையும் சொந்த மைதானத்தில் ஒருமுறை, எதிரணியின் மைதானத்தில் ஒருமுறை சந்திக்கும். ஆக 22 ஆட்டங்கள். 2021 வரை சீசன் அத்தோடு முடிந்தது. 2022 முதல், 22 ஆட்டங்களுக்குப் பிறகு பட்டியலை நடுவில் வெட்டுகிறார்கள். மேலுள்ள ஆறு அணிகள் ஒரு பிரிவு, கீழுள்ள ஆறு அணிகள் இன்னொரு பிரிவு. ஒவ்வோர் அணியும் தன் பிரிவின் மற்ற ஐந்து அணிகளை மேலும் ஒருமுறை சந்திக்கும். ஏற்கெனவே சேர்த்த புள்ளிகள் அப்படியே தொடரும். ஆக மொத்தம் 27 ஆட்டங்கள்.

வெட்டியபின் பிரிவு மாற முடியாது என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 22 ஆட்டங்களின் முடிவில் ஆறாம் இடத்து அணிக்கு 29 புள்ளிகள், ஏழாம் இடத்து அணிக்கு 27 புள்ளிகள். ஏழாம் அணி அடுத்த ஐந்திலும் வென்றால் 42 புள்ளிகள் ஆகும். ஆறாம் அணி ஐந்திலும் தோற்றால் 29-இலேயே நிற்கும். அப்போதும் ஆறாம் அணி ஆறாவதுதான், ஏழாம் அணி ஏழாவதுதான். இதை அறியாமல் இறுதிப் பட்டியலைப் பார்க்கிறவர்கள் அச்சுப் பிழை என்று நினைத்துவிடுவார்கள். ஆகவே செப்டம்பரில், இருபதாம் சுற்றுக்குப் பிறகு, உங்கள் கண் முதலிடத்தில் மட்டும் இருக்கக் கூடாது. ஐந்து முதல் எட்டு வரையிலான இடங்களில் நடக்கும் போராட்டமே அந்த மாதத்தின் சிறந்த ஆட்டங்களைத் தரும்.

கடைசி இரண்டு அணிகள் இரண்டாம் நிலைக்கு இறங்கும். அங்கே முதலிடம் பெறும் அணி நேராக மேலே வரும். இரண்டு முதல் ஐந்து வரையிலான நான்கு அணிகள் தமக்குள் மோதி, ஓர் அணி மேலே வரும்.

புள்ளிகள் சமமானால் முதலில் கோல் வித்தியாசம் பார்க்கப்படும். அது ஒரு பட்டத்தையே தீர்மானிக்கும் நிலைக்கு வந்தது 2024-இல். 26 ஆட்டங்களின் முடிவில் வீக்கிங்குருக்கும் பிரெய்தப்ளிக்குக்கும் ஆளுக்கு 59 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் வீக்கிங்குர் முன்னால். கடைசி ஆட்டம் இவ்விரண்டு அணிகளுக்கும் இடையே, அதுவும் வீக்கிங்குரின் மைதானத்தில். சமன் செய்தாலே வீக்கிங்குருக்குப் பட்டம். பிரெய்தப்ளிக் வென்றே தீர வேண்டும். அக்டோபர் 27, ஞாயிறு. பிரெய்தப்ளிக் 3-0 என்று வென்றது.

அந்த வாரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதற்கு மூன்று நாள் முன்பு, வியாழனன்று, வீக்கிங்குர் ஐரோப்பியக் கான்ஃபரன்ஸ் லீகில் பெல்ஜியத்தின் செர்க்கிள் புரூஹே அணியை 3-1 என்று வென்றிருந்தது. அதன் சொந்த மைதானம் ஐரோப்பியப் போட்டிகளின் விதிகளை நிறைவு செய்யவில்லை என்பதால் அந்த ஆட்டம் நடந்தது கோபவோகுரில், அதாவது பிரெய்தப்ளிக்கின் மைதானத்தில். அங்கும் மின்விளக்கு போதாது என்பதால் பகல் 2.30-க்கே தொடங்கினார்கள், நமக்கு இரவு சரியாக 8 மணி. எதிரியின் வீட்டில் வரலாறு படைத்தவர்கள், மூன்று நாளில் தம் சொந்த வீட்டில் அதே எதிரியிடம் பட்டத்தை இழந்தார்கள். பட்டியலை மட்டும் பார்த்தால் இது தெரியாது. தேதியையும் மைதானத்தையும் சேர்த்து எழுதி வைத்தவருக்குத்தான் தெரியும்.

குறிப்பேடு வைப்பது எப்படி

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர். கைப்பேசிச் செயலிகள் எல்லாப் புள்ளிவிவரங்களையும் தருகின்றன என்பது உண்மை. ஆனால் எழுதிய கைக்கு நினைவிருப்பது போல், தடவிய விரலுக்கு நினைவிருப்பதில்லை. கோடு போட்ட நீள நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். 162 ஆட்டங்களுக்கு, பக்கத்துக்கு ஆறு ஆட்டங்கள் என்று வைத்தால் 27 பக்கங்கள். ஒரு சுற்றுக்கு ஆறு ஆட்டங்கள் என்பதால் ஒரு பக்கம் ஒரு சுற்றுக்குச் சரியாக அமையும்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தேதி, மைதானம், இரு அணிகள், இடைவேளை நிலவரம், இறுதி நிலவரம், கோல் அடித்தவர், அடித்த நிமிடம், சிவப்பு அட்டை, பார்வையாளர் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். இவை அனைத்தும் ஐஸ்லாந்துக் கால்பந்துச் சங்கமான கே.எஸ்.ஐ. தன் தளத்தில் வெளியிடும் ஆட்ட அறிக்கையில் கிடைக்கும். முதல்நிலை ஆட்டங்களுக்கு மட்டுமல்ல. கீழ்நிலை லீகுகளின் ஆட்டங்களுக்கும், சிறுவர்களின் ஆட்டங்களுக்கும்கூட அறிக்கை உண்டு. காணொளி கிடைக்காத ஆட்டத்தை இந்த அறிக்கையிலிருந்தே பாதி பார்த்துவிடலாம். 60-ஆம் நிமிடத்தில் ஒரே நேரத்தில் மூன்று மாற்று வீரர்கள் இறங்கியிருந்தால் பயிற்சியாளர் பொறுமை இழந்துவிட்டார் என்று பொருள். 85-க்குப் பிறகு ஓர் அணிக்கு மட்டும் மூன்று மஞ்சள் அட்டைகள் விழுந்திருந்தால், அந்த அணி முன்னிலையைக் காக்கத் திணறியிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

சுற்று முடிந்ததும் புள்ளிப் பட்டியலைப் பார்க்காமல் நீங்களே போடுங்கள். வெற்றிக்கு 3, சமனுக்கு 1. அடித்த கோல், வாங்கிய கோல், வித்தியாசம். அதன்பின் தளத்தில் உள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். முதல் மூன்று சுற்றுகளில் எங்காவது தவறும், நான்காவதிலிருந்து தவறாது. பட்டியலுக்குக் கீழே இரண்டு வரி உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். எந்த அணியின் ஆட்டம் புள்ளிகளைவிட நன்றாக இருந்தது, எது தகுதிக்கு மீறி மேலே நிற்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை எழுதினால் போதும். அக்டோபரில் திருப்பிப் பார்க்கும்போது உங்கள் கணிப்பு எங்கே சரிந்தது என்று தெரியும்.

கடைசிப் பக்கங்களில் கோல் அடித்தவர்களின் பட்டியலைத் தனியாக வைத்திருங்கள். ஒரு சீசனில் 19 கோல்கள் என்பது இந்த லீகின் பழைய எல்லைக்கோடு. 1978-இல் பியேதுர் பியேதுர்சன் முதல் 2017-இல் ஆந்த்ரி ரூனர் ப்யார்னசன் வரை ஐந்து பேர் அதைத் தொட்டிருக்கிறார்கள். யாராவது 15-ஐத் தாண்டும்போது நோட்டில் பக்கத்து ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு வைப்பது என் வழக்கம்.

பழைய சீசன் ஒன்றை எடுத்துப் பயிற்சி செய்ய விரும்புகிறவர்களுக்கு 2021-ஐப் பரிந்துரைக்கிறேன். கடைசிக்கு முந்தைய சுற்றில் பிரெய்தப்ளிக் பட்டத்தை நெருங்கியிருந்தது, வீக்கிங்குர் துரத்திக்கொண்டிருந்தது. வீக்கிங்குர் கே.ஆர். மைதானத்தில் 2-1 என்று முன்னிலையில் இருக்க, காயத்துக்கான கூடுதல் நேரத்தில் கே.ஆருக்குப் பெனால்டி கிடைத்தது. கோல் கீப்பர் இங்வர் யோன்சன் அதைத் தடுத்தார். அதே மாலையில் ஹாப்னர்ஃபியோர்துரில் பிரெய்தப்ளிக் எஃப்.எச். அணியிடம் 0-1 என்று தோற்றது. அடுத்த வாரம் வீக்கிங்குர் கடைசி ஆட்டத்தையும் வென்று, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், 30 ஆண்டுகளுக்குப் பிறகு சாம்பியனானது. அந்தப் பக்கத்தை எழுதும்போது ஒரு பெனால்டிக்கு என்ன எடை என்று உங்கள் பேனாவே சொல்லும்.

ஜூலையில் ஒரு பக்கம் கூடுதலாக ஒதுக்குங்கள்

ஜூலை தொடக்கத்தில் ஐரோப்பியத் தகுதிச் சுற்றுகள் ஆரம்பமாகும். லீகின் சாம்பியன் சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்றில் நுழையும். அதற்கடுத்த அணிகள் கான்ஃபரன்ஸ் லீகின் தகுதிச் சுற்றுகளுக்குப் போகும். பெரிய நாடுகளின் அணிகள் அப்போதுதான் விடுமுறை முடிந்து ஓடத் தொடங்கியிருக்கும். ஐஸ்லாந்து அணிகள் சீசனின் நடுவில், முழு வேகத்தில் இருக்கும். இருந்தும் குழுச் சுற்று வரை ஓர் ஆண்கள் அணி போய்ச் சேர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பிரெய்தப்ளிக் போனது, ஆறு ஆட்டங்களிலும் தோற்றது. அடுத்த ஆண்டே வீக்கிங்குர் 8 புள்ளிகள் எடுத்து நாக் அவுட் சுற்றுக்கு முன்னேறியது. பிப்ரவரியில் ஐரோப்பிய விதிக்கு ஏற்ற மைதானம் ஊரில் இல்லாததால், தன் ‘சொந்த’ ஆட்டத்தைப் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் ஆடி, கிரேக்கத்தின் பனாதினைக்கோஸ் அணியை 2-1 என்று வென்றது. ஏதென்ஸில் 0-2 என்று தோற்று வெளியேறியது.

ஐரோப்பாவில் வியாழன் ஆடிய அணி ஞாயிறன்று லீகில் எப்படி ஆடுகிறது என்பதைத் தனியே குறித்து வாருங்கள். சிறிய அணிகளுக்கு மாற்று வீரர்கள் குறைவு. களைப்பு நேராகப் புள்ளியில் தெரியும்.

மகளிர் லீகில் பத்து அணிகள். அதே கிளப்புகள், அதே மைதானங்கள் என்பதால் அடுத்த ஆண்டு அதற்கும் ஒரு நோட்டைத் தொடங்குவது எளிது.

நோட்டின் மறுபக்கம்

ஐஸ்லாந்தின் முதல் லீக் 1912-இல் மூன்றே அணிகளோடு நடந்தது, கே.ஆர். வென்றது. அன்றிலிருந்து 27 பட்டங்கள் வென்ற அதே கே.ஆர்., 2025-இல் கடைசி நாள் வரை தரமிறங்கும் ஆபத்தில் நின்றது. அதே ஆண்டு, லீகுக்கு வெளியே தனியாக நடக்கும் நாட்டின் நாக் அவுட் கோப்பையை வென்ற வடமேற்கு மூலையின் வெஸ்த்ரி அணி லீகிலிருந்து தரமிறங்கியது. இவையெல்லாம் நமக்குத் தெரிவதற்குக் காரணம், யாரோ ஒருவர் ஒவ்வோர் ஆட்டத்தையும் எழுதி வைத்ததுதான். நான் இளவயதில் பாலாற்று மணலிலும் பள்ளி மைதானங்களிலும் பார்த்த எத்தனையோ இறுதி ஆட்டங்களில் கோல் அடித்தவர் யார் என்று இன்று சொல்ல ஒருவரும் இல்லை. கோப்பையில் ஆண்டும் அணியின் பெயரும் மட்டும் பொறித்திருக்கிறது. இது என்னை இன்றும் வருத்துகிறது.

ஆகவே என் நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, பின்னட்டையிலிருந்து நம் ஊர் ஆட்டங்களை எழுதுகிறேன். நீங்களும் செய்யலாம். உங்கள் ஊர் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைப் போட்டி நடந்தால், தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே போய், இரு அணித் தலைவர்களிடமும் பதினோரு பெயர்களையும் முன்னெழுத்தோடு கேட்டு எழுதுங்கள். பனியனில் எண் இல்லாதவர்களுக்கு அடையாளமாகப் பனியன் நிறத்தையோ, காலணி நிறத்தையோ பென்சிலால் குறியுங்கள். முதல் விசில் அடித்ததும் கைப்பேசியில் ஓட்டக் கடிகாரத்தை அழுத்திவிடுங்கள். கோல் விழுந்ததும் நிமிடத்தை முதலில் எழுதுங்கள். அடித்தவர் யார் என்பதைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம், நிமிடத்தை யாராலும் பிறகு சொல்ல முடியாது. ஆட்டம் முடிந்தவுடன் நடுவரிடம் காட்டி, சரிதானா என்று கேளுங்கள். பிறகு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இரு அணிகளின் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.

சென்ற மாதம் அப்படி ஒரு பக்கத்தை அனுப்பிய இரவு, கோல் அடித்த பையன் கூப்பிட்டான். “அண்ணா, 34-ஆவது நிமிஷம்னு போட்டிருக்கீங்க. 33 தான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.” நோட்டை எடுத்துக் கடிகாரக் குறிப்போடு ஒப்பிட்டேன். 33 நிமிடம் 50 விநாடி. கால்பந்துக் கணக்கில் 33 முடிந்து ஓடும் நிமிடத்தை 34 என்றுதான் எழுத வேண்டும். அதை அவனுக்கு விளக்கிச் சொல்லிவிட்டு, அவன் பெயருக்கு முன்னால் நான் விட்டுவிட்ட முன்னெழுத்தைக் கேட்டு எழுதினேன்.